செஞ்சியிலிருந்து விழுப்புரத்துக்கு: பாலியல் வன்முறைப் புகார்கள் நின்றுபோகும் இடங்கள்

செஞ்சிப் பேருந்து நிலையத்திலிருந்து விழுப்புரம் நீதிமன்றம் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். இதே மாவட்டத்துப் புகார் ஒன்று அந்த நீதிமன்றத்தில் தீர்ப்பைக் காண 13 ஆண்டுகள் ஆயின. 1993 ஜூலையில், திருட்டு வழக்கில் ஆள் தேடி அத்தியூர் இருளர் குடியிருப்புக்கு வந்த புதுச்சேரிக் காவலர்கள் அங்கிருந்த இளம்பெண் ஒருவரைக் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள் என்பது புகார். 2006 இல் விழுப்புரம் நீதிமன்றம் ஆறு காவலர்களுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது.

கடைசி முடிவு அந்தப் பெண்ணுக்குச் சாதகமாக இல்லை. ஆனாலும் அவர் சொன்னதை ஒரு நீதிபதி உட்கார்ந்து கேட்டார், குறுக்கு விசாரணை நடந்தது, தீர்ப்பு எழுதப்பட்டது. இந்த அளவுக்கு வருவதே நம் ஊர்ப்பக்கத்தில் அரிது. அந்தப் பெண்ணோடு தொடக்கம் முதல் நடந்தவர்களில் திண்டிவனத்துப் பேராசிரியர் பிரபா கல்விமணி முக்கியமானவர். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமே உருவானது.

புகார் கொடுத்த பிறகும் பாலியல் வன்முறை வழக்குகள் ஏன் விசாரணைக் கூண்டு வரை வருவதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. செஞ்சி வட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் புறப்படுகிறாள் என்று வைத்துக்கொண்டு, அவள் புகார் போகும் வழியைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற செஞ்சிக் கோட்டையில், ராஜகிரி மேலேறும் பாதையில் வாசலுக்கு அடுத்து வாசல் வரும். வருகிறவரைக் களைக்கவைப்பதற்காகவே கட்டிய வாசல்கள் அவை. நீதிமன்றத்துக்குப் போகும் பாதையை அப்படி யாரும் திட்டமிட்டுக் கட்டவில்லை. ஆனால் அதில் போகிறவள் அதேபோலத்தான் களைத்துப்போகிறாள்.

எண்கள் காட்டுவதும் மறைப்பதும்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இல் இந்தியாவில் பதிவான பாலியல் வன்புணர்வு வழக்குகள் 31,516. தமிழ்நாட்டில் 421. சிறார் மீதான குற்றங்கள் போக்சோ சட்டத்தில் தனிக் கணக்காக வருகின்றன. வன்புணர்வு செய்து கொன்றிருந்தால் அது கொலைக் கணக்கில் போய்விடுகிறது. ஏழரைக் கோடி மக்கள் இருக்கும் மாநிலத்தில் 421 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடைய வழியில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவித்ததாகச் சொன்ன பெண்களில் நூற்றுக்கு 77 பேர் அதை யாரிடமும் சொன்னதுமில்லை, உதவி தேடியதுமில்லை. உதவி தேடியவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். அவர்களிலும் மிகப் பலர் போனது தாய்வீட்டுக்கும் உறவினரிடமும்.

பதிவான வழக்குகளில் பெரும்பகுதிக்கு இந்தியாவில் குற்றப்பத்திரிகை தாக்கலாகிறது. இங்கிலாந்தில் நிலைமை நேர்மாறு. அங்கே புகார் எளிதாகப் பதிவாகிறது. அதற்குப் பிறகு காவல்துறையும் அரசு வழக்குத்தொடுப்புத் துறையும் சேர்ந்து வடிகட்டிவிடுகின்றன. பதிவான வன்புணர்வுப் புகார்களில் மிகச் சிலவே குற்றச்சாட்டாக மாறும் அளவுக்கு நிலைமை சீர்கெட்டபோது, 2021 ஜூனில் அந்நாட்டு அரசு ஆய்வறிக்கை வெளியிட்டு, பாதிக்கப்பட்டோரிடம் மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2009 இல் காவல்துறைக் கிடங்கு ஒன்றில் சோதிக்கப்படாத வன்புணர்வுத் தடயப் பெட்டிகள் பதினோராயிரத்துக்கும் மேல் கிடந்தது தெரியவந்தது.

நம்மிடம் வடிகட்டி வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது: முதல் தகவல் அறிக்கைக்கு முன்னால் ஒன்று, குற்றப்பத்திரிகைக்குப் பின்னால் ஒன்று. 2022 இல் நாடு முழுவதும் நீதிமன்றங்களில் இருந்த வன்புணர்வு வழக்குகள் இரண்டு லட்சத்தை ஒட்டியவை. அந்த ஆண்டில் விசாரணை முடிந்தவை சுமார் 18,500; பத்தில் ஒன்றுகூட இல்லை. முடிந்தவற்றில் தண்டனை நூற்றுக்கு 27. காத்திருக்கும் மற்ற வழக்குகளை எந்த நீதிபதியும் தள்ளுபடி செய்யவில்லை. இது பொய் என்று எழுதி எவரும் கையெழுத்திடவும் இல்லை. அவை கிடக்கின்றன, அவ்வளவுதான். முதல் வடிகட்டியில் சிக்கியவையோ எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ரசீது

அந்த முதல் வடிகட்டியைத் தமிழ்நாட்டுக் கிராமத்தார் நன்றாக அறிவார்கள். அதன் பெயர் சி.எஸ்.ஆர். சமூகப் பணிப் பதிவேட்டில் புகாரைக் குறித்துக்கொண்டு காவல் நிலையம் தரும் ரசீது அது. ஒரு தாள்; மேலே ஓர் எண்ணும் ஆண்டும், புகார்தாரர் பெயர், இரண்டு வரியில் புகாரின் சாரம், கீழே கையெழுத்தும் நிலைய முத்திரையும். தொலைந்துபோன பள்ளிச் சான்றிதழுக்கும் வரப்புத் தகராறுக்கும் தருகிற அதே தாள்தான். அதை மடித்து ரேஷன் அட்டையோடு வைத்துக்கொண்டு, "கேசு குடுத்துட்டோம்" என்று வீடு திரும்பும் குடும்பங்கள் உண்டு. உண்மையில் வழக்கு என்ற ஒன்று அப்போது பிறக்கவே இல்லை.

வேறுபாடு தாளின் பெயரில் மட்டும் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் படி உடனே நடுவர் நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். புகார்தாரருக்கும் ஒரு படி இலவசமாகத் தர வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து நிலையத்துக்கு வெளியே உள்ள ஒருவருக்கு அந்தப் புகார் தெரியும். சி.எஸ்.ஆர். அப்படி எங்கும் போவதில்லை. நிலையத்தின் நான்கு சுவருக்குள் எழுதி, அங்கேயே முடித்துவிடலாம்.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தம், வன்புணர்வு உள்ளிட்ட புகார்களைப் பதிவு செய்யாத காவலருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் என்றது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 199 ஆம் பிரிவு. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் தரலாம் என்பதும் இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. இவ்வளவு இருந்தும் ரசீது புழங்குகிறது. "இருதரப்பையும் கூப்பிட்டு விசாரிக்கிறோம், போயிட்டு நாளைக்கு வாங்க" என்ற ஒரு வாக்கியம் இவை அனைத்தையும் தாண்டி நிற்கிறது.

அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இதை மாற்றும் என்று எதிர்பார்த்தோம். 1992 இல் சென்னை ஆயிரம்விளக்கில் முதல் நிலையம் தொடங்கியது. இன்று செஞ்சி போன்ற சிற்றூர்களிலும் இருக்கிறது. தயக்கமின்றிப் பெண்கள் உள்ளே நுழைய அது உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் கணவன் மனைவி சண்டையும் வரதட்சணைப் பஞ்சாயத்தும் நாள் முழுதும் நடக்கும் அதே அறையில், அதே மேசையில், வன்புணர்வுப் புகாரையும் பேசித் தீர்க்க வேண்டிய பிணக்காகப் பார்க்கும் பழக்கம் படிந்துவிட்டது. ஹரியானா மகளிர் நிலையங்களைப் பற்றி நிர்விகார் ஜஸ்ஸல் 2020 இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. மற்ற நிலையங்கள் பெண்களை அங்கே தள்ளிவிட்டன. அங்கே பதிவைவிட ஆலோசனையும் சமரசமும் முந்திக்கொண்டன.

நிலைய வாசலைத் தாண்டுவது படிப்பறிவில்லாத ஏழைக்கு மட்டும் கடினம் என்று எண்ண வேண்டாம். 2021 பிப்ரவரியில், முதலமைச்சரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணியின்போது அப்போதைய சிறப்பு டிஜிபி ராஜேஷ் தாஸ் தன்னிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாகப் புகார் கொடுக்க, பெண் ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவர் சென்னைக்குக் காரில் புறப்பட்டார். பரனூர் சுங்கச்சாவடியில் அவர் கார் மறிக்கப்பட்டது. மறித்தது அப்போதைய செங்கல்பட்டு மாவட்டக் கண்காணிப்பாளர் கண்ணன். சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கைக் கையிலெடுத்துக் கண்காணித்தது. 2023 ஜூனில் விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு மூன்றாண்டுச் சிறையும் கண்ணனுக்கு 500 ரூபாய் அபராதமும் விதித்தது. 2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்ட நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தோளில் நட்சத்திரம் தாங்கிய ஒரு பெண்ணின் புகார் நெடுஞ்சாலையில் மறிக்கப்பட்டு, உயர்நீதிமன்றம் கைகொடுத்த பிறகே நகர்ந்தது. கரும்பு வெட்டப் போகும் பெண்ணின் புகாரை மறிக்கச் சுங்கச்சாவடி எதற்கு? ஊர் எல்லையே போதும்.

பேசி முடிப்பது

ரசீது வாங்கி வந்த அன்று மாலையே பேச்சு தொடங்கிவிடும். குற்றம் சாட்டப்பட்டவர் பெரும்பாலும் தெரிந்தவர். உறவுக்காரர், பக்கத்து வீட்டார், வேலை கொடுக்கும் நிலக்காரர், செங்கல் சூளையில் முன்பணம் கொடுத்த முதலாளி. "கேசு கீசுன்னு போனா பொண்ணோட வாழ்க்கை என்னாவறது" என்று பேச வருகிறவர்கள் எதிரிகள் அல்ல. பல நேரம் பெண்ணின் சொந்தச் சித்தப்பாவும் ஊர்ப் பெரியவரும்தான். அவர்கள் பேச்சில் மூன்று சரக்கு இருக்கும்: பணம், கல்யாணம், மிரட்டல். கல்யாண ஆசை காட்டி ஏமாற்றிய வழக்குகளில் நிலைய வளாகத்திலேயே மாலை மாற்றி முடித்துவைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. மிரட்டலின் நாகரிக வடிவம் எதிர்ப்புகார். அவர்கள் தரப்பிலிருந்து திருட்டு, அடிதடி என்று ஒரு புகார் விழும். இரண்டையும் வாபஸ் வாங்கினால் ஊர் அமைதியாகிவிடும் என்பார்கள்.

சமரசப் பேச்சு நீதிமன்றத்துக்குள்ளேயே நுழைந்த சம்பவம் நம் பக்கத்து மாவட்டத்தில் நடந்தது. சிறுமியை வன்கொடுமை செய்ததற்காகக் கடலூர் மகளிர் நீதிமன்றம் தண்டித்த ஒருவருக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேச வசதியாகச் சென்னை உயர்நீதிமன்றத் தனி நீதிபதி 2015 ஜூனில் பிணை அளித்தார். அந்தப் பெண் பேச மறுத்தார். சில நாளில் உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கில், வன்புணர்வில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை, அது பெண்ணின் கண்ணியத்துக்கு எதிரானது என்று கடுமையாகச் சொன்னது. ஜூலையில் பிணை திரும்பப் பெறப்பட்டது. 2024 நவம்பரில், இருதரப்பும் சமாதானமாகிவிட்டார்கள் என்ற காரணத்தால் சிறுமி மீதான பாலியல் குற்ற வழக்கை ரத்துசெய்ய முடியாது என்றும் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது.

சட்டத்தின் கதவு இப்படிப் பெரும்பாலும் மூடப்பட்டிருக்கிறது. ஆனால் சமரசம் அந்தக் கதவுக்கு வருவதே இல்லை. வழக்கு பதிவாகும் முன்னரே அது திண்ணையில் முடிந்துவிடுகிறது. பதிவான பிறகு முடிந்தால், "மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்" என்ற மூன்று சொல்லோடு காவல்துறை நடுவருக்கு இறுதி அறிக்கை அனுப்புகிறது. அப்படி முடிக்கும் முன் புகார்தாரருக்கு அறிவிப்பு கொடுத்து அவர் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1985 இலேயே பகவந்த் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்று வரும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர்களில் எத்தனை பேருக்கு அது ஆட்சேபம் சொல்லும் வாய்ப்பு என்று தெரியும்?

இங்கே ஒரு நேர்மையும் வேண்டும். முடித்துவைக்கப்படும் எல்லாப் புகாரும் புதைக்கப்பட்ட உண்மை அல்ல. சாதி தாண்டிக் காதலித்துப் போன பதினேழு வயதுப் பெண்ணை மீட்கப் பெற்றோர் போக்சோ புகார் கொடுப்பது வட தமிழ்நாட்டில் சாதாரணம். அத்தகைய ஒரு வழக்கை 2021 ஜனவரியில் ரத்துசெய்த சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பதின்பருவக் காதலைத் தண்டிக்க இந்தச் சட்டம் இயற்றப்படவில்லை என்று விளக்கினார். இதனால் நேரும் கேடு இரட்டைப்படையானது. காதலித்த பையன் சிறைக்குப் போகிறான். இத்தகைய வழக்குகளைப் பார்த்துப் பழகிய காவலருக்கு, வன்முறைக்கு ஆளாகி வரும் அடுத்த சிறுமியின் புகாரும் காதல் விவகாரமாகத் தோன்றுகிறது. ஒரு புகாரை நம்புவதா இல்லையா என்பதை விசாரணைதான் முடிவுசெய்ய வேண்டும். நிலைய மேசையில் உட்கார்ந்திருப்பவரின் அனுபவம் அதை முடிவுசெய்யக் கூடாது.

முண்டியம்பாக்கம்

முதல் தகவல் அறிக்கை பதிவாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பெண்ணை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். செஞ்சியில் அரசு மருத்துவமனை உண்டு. ஆனாலும் "இங்க லேடி டாக்டர் இல்ல, முண்டியம்பாக்கம் போங்க" என்பது இந்த வட்டாரத்துப் பெண்கள் கேட்கக்கூடிய பதில். சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும் என்று போக்சோ சொல்கிறது. வயதுவந்த பெண்ணுக்கு அந்த நிபந்தனை இல்லை. அவள் சம்மதித்தால் அரசு மருத்துவமனையின் எந்தப் பதிவுபெற்ற மருத்துவரும் பரிசோதிக்கலாம். பெண் மருத்துவரை அவள் விரும்பினால் அது அவள் உரிமை. அவளிடம் கேட்காமலேயே அனுப்பிவிடுவதுதான் தவறு. முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்து, காவலர் கடிதம் வந்து, முறை வந்து, பரிசோதனை முடிவதற்குள் ஒரு நாள் கழிந்துவிடும். அந்த நாளில் அவள் குளித்திருப்பாள், உடுப்பைத் துவைத்திருப்பாள். உடலில் இருக்கும் தடயம் மணிக்கணக்கில் அழிவது; ஒரு பேருந்து தவறினால் தடயமும் தவறும்.

கன்னிமையைச் சோதிப்பதாகச் சொல்லி நடந்துவந்த இருவிரல் பரிசோதனையை உச்சநீதிமன்றம் 2013 இல் கண்டித்தது. 2022 ஏப்ரலில் மதுரைக் கிளை அதைத் தமிழ்நாட்டில் உடனே தடைசெய்யச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றவாளி ஆவார் என்று உச்சநீதிமன்றம் எச்சரித்தது. ஒரே தீமையை நிறுத்தப் பத்தாண்டுக்குள் மூன்று முறை உத்தரவு போட வேண்டியிருந்தது என்பதே பரிசோதனை அறையின் நிலையைச் சொல்லும். மருத்துவர் ஏழு நாளுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டம் சொல்கிறது. மரபணு அறிக்கைக்கு அப்படிக் கறாரான கெடு இல்லை. "லேப் ரிப்போர்ட் வரல" என்ற ஒரு வரி போதும், மாதங்கள் கடந்துவிடும்.

பி.ஆர்.சி. எண்

பலரும் கவனிக்காத ஓர் இடம் இதற்குப் பிறகு வருகிறது. விசாரணை அதிகாரி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துவிட்டார் என்றால் விசாரணை தொடங்கிவிட்டது என்றே வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறோம். வயதுவந்த பெண்ணின் வன்புணர்வு வழக்கை நடுவர் நீதிமன்றம் விசாரிக்க முடியாது. அமர்வு நீதிமன்றம்தான் விசாரிக்க வேண்டும். அதனால் செஞ்சி நடுவர் அதைக் கோப்பில் ஏற்று, பி.ஆர்.சி. (பூர்வாங்கப் பதிவேட்டு வழக்கு) எண் கொடுத்து, குற்றம் சாட்டப்பட்டவர்களை வரவழைத்து, ஆவணப் படிகளைக் கொடுத்து, பிறகு விழுப்புரத்துக்கு அனுப்ப வேண்டும். படிகள் கொடுக்கும் நாளில் ஒருவர் வரவில்லை என்றால் அடுத்த வாய்தா. அந்த வாய்தாவில் இன்னொருவர் வரமாட்டார். ஒருவர் தலைமறைவு என்றால் பிடியாணை. பிடியாணை நிறைவேறவில்லை என்று ஒரு வாய்தா. வராதவரைப் பிரித்துவிட்டு மற்றவர்களை அனுப்பலாம். அதைக் கேட்டு மனுப் போட யாராவது அக்கறைப்பட வேண்டும். இந்தக் கட்டத்தில் பெண்ணுக்கு அழைப்பாணை வராது. அவளைப் பொறுத்தவரை வழக்கு எங்கோ இருக்கிறது.

இங்கே வழக்குகள் ஆண்டுக்கணக்கில் கிடப்பதைக் கண்டே புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா தொண்ணூறு நாளுக்குள் மேலே அனுப்ப வேண்டும், காரணம் எழுதி நூற்றெண்பது நாள் வரை நீட்டலாம் என்று கெடு வைத்தது. போக்சோ வழக்குகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கும் இந்த இடைத்தங்கலே இல்லை. சிறப்பு நீதிமன்றம் நேரடியாகக் கையிலெடுக்கும். ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு வர வேண்டுமானால் முதல் தகவல் அறிக்கையில் அந்தப் பிரிவு இருக்க வேண்டும். இருந்தால் துணைக் கண்காணிப்பாளர்தான் புலனாய்வு செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பைத் தவிர்க்க நினைக்கும் நிலையம் முதலில் விட்டுவிடுவது அந்தப் பிரிவைத்தான்.

2011 நவம்பரில் திருக்கோவிலூர் அருகே தி.மண்டபத்தைச் சேர்ந்த நான்கு இருளர் பெண்களைக் காவலர்கள் தைலமரத் தோப்புக்குக் கொண்டுபோய் வன்கொடுமை செய்ததாகப் புகார் எழுந்தது. ஐந்து காவலர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அரசு தலா ஐந்து லட்சம் ரூபாய் அறிவித்தது. பணம் வந்த வேகத்தில் வழக்கு நகரவில்லை. இழப்பீடு அந்தப் பெண்களின் உரிமை. அதைக் கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்று நிர்வாகம் கருதத் தொடங்கும்போதுதான் அது வழக்குக்கு வாய்க்கரிசி ஆகிறது.

வாய்தா

வழக்கு ஒருவழியாக விழுப்புரம் மகளிர் நீதிமன்றத்துக்கு வந்து, சாட்சிக்கு அழைப்பாணை போகிறது. சம்பவம் நடந்தபோது ஊரில் இருந்தவர்கள் இப்போது ஊரில் இல்லை. மல்லாட்டை, நெல் அறுவடை முடிந்ததும் செஞ்சிப் பக்கத்துக் கூலிக் குடும்பங்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குப் போகின்றன. இருளர் குடும்பங்கள் சூளைக்கும் கரிமூட்டத்துக்கும் போகின்றன. அழைப்பாணை "ஆள் இல்லை" என்ற குறிப்போடு திரும்புகிறது. புகார் கொடுத்த பெண்ணுக்கு இதற்குள் கல்யாணமாகியிருக்கும்; புகுந்த வீட்டில் இது தெரியாது. நீதிமன்றத் தாளோடு காவலர் அந்த வாசலில் நிற்பதைவிடப் பயங்கரம் அவளுக்கு வேறில்லை. வந்தாலும் "எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை" என்று சொல்லிவிட்டுப் போக நினைக்கிறாள். ஏட்டில் அது பிறழ் சாட்சி.

செலவையும் கணக்கிட வேண்டும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டின் தினக்கூலி 2025–26 இல் 336 ரூபாயாக இருந்தது. ஒரு வாய்தாவுக்குப் போனால் அந்த நாள் கூலி போகும். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்தில்தான். வெளியூர்ப் பேருந்தில் செல்லாது. கூட ஒருவர் வந்தால் இரண்டு கூலி, இரண்டு கட்டணம், மதியச் சாப்பாடு. நாள் முழுதும் காத்திருந்து, "நீதிபதி லீவு, அடுத்த மாசம் வாங்க" என்று கேட்டுத் திரும்புவது சாதாரணம். குற்றப்பத்திரிகை தாக்கலாகி இரண்டு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும் என்று 2013 முதல் சட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் இந்தக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் திருத்தங்களை நிறைவேற்றியது. தண்டனை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அது விசாரணையின் கடைசி நாளில்தான் வேலைசெய்யும். இங்கே சொன்ன தடைகள் எல்லாம் அதற்கு முன்னால் வருகின்றன.

போய்ச் சேர்ந்த வழக்குகள்

போய்ச் சேர்ந்தவற்றைப் பார்த்தால் வழி தெரியும். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் சந்தனக் கட்டை தேடும் பெயரில் நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊரைச் சூறையாடினார்கள். பதினெட்டுப் பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். அரசு நிர்வாகம் மறுத்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் நின்றன. நாடாளுமன்ற உறுப்பினர் ஏ.நல்லசிவன் உச்சநீதிமன்றம் போனார். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் போய் அறிக்கை கொடுத்தார். 1995 இல் உயர்நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இடையிலேயே இறந்துபோனார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 இல் அதே தேதியில், நீதிபதி வேல்முருகன் அதை உறுதிசெய்தார்.

பொள்ளாச்சியில் 2019 பிப்ரவரியில் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தைக் காவல் அதிகாரியே வெளியிட்டார். அரசாணையிலும் அது வந்தது. அதைப் பார்த்தபின் மற்றப் பெண்கள் வாய் திறப்பார்களா என்று எல்லோரும் அஞ்சினோம். சிபிஐக்கு வழக்கு மாறி, மூடிய அறையில் விசாரணை நடந்தது. எட்டுப் பெண்கள் சாட்சி சொன்னார்கள். நாற்பத்தெட்டுச் சாட்சிகளில் ஒருவரும் பிறழவில்லை. 2025 மே 13 இல் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள்சிறை விதித்தது. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பர் 23 இல் நடந்த குற்றத்திற்கு ஐந்தே மாதத்தில் தீர்ப்பு வந்தது; அங்கே உயர்நீதிமன்றம் அமைத்த பெண் அதிகாரிகளின் சிறப்புப் புலனாய்வுக் குழு இருந்தது, மாநிலம் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த வழக்குகளுக்கும் செஞ்சிக் கிராமத்துப் பெண்ணின் வழக்குக்கும் ஒரே சட்டம்தான். அங்கே ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த தேதி என்ன, தாள் எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கேட்க ஆள் இருந்தது. சங்கமோ, நீதிமன்றமோ, பத்திரிகையோ கேட்டது. கேட்க ஆள் இல்லாத வழக்கு நின்ற இடத்தில் நிற்கிறது.

அப்படி ஓர் ஆளை அரசே கொடுக்கலாம். போக்சோ விதிகளில் சிறாருக்கு ஆதரவு நபர் என்ற ஏற்பாடு இருக்கிறது. 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அதை வலுப்படுத்தியது. பதினெட்டு வயது முடிந்த மறுநாள் குற்றம் நடந்திருந்தால் அந்தத் துணை கிடையாது. வயதுவந்த பெண்ணுக்கும் புகார் நாள் முதல் தீர்ப்பு நாள் வரை சம்பளம் பெறும் ஒரு துணையாள் வேண்டும். மாவட்டத்துக்கு ஒன்றாக இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையமும் 181 உதவி எண்ணும் அதற்கான அடித்தளம். அவை மாவட்டத் தலைநகரத்திலிருந்து வட்ட ஊர்களுக்கு இறங்கி வர வேண்டும். பாலியல் குற்றப் புகாருக்குச் சி.எஸ்.ஆர். ரசீதே கூடாது என்று ஆணையிட்டு, ஒவ்வொரு நிலையத்தின் ரசீதுப் பட்டியலும் வாரந்தோறும் நடுவர் பார்வைக்குப் போக வேண்டும். பி.ஆர்.சி. நிலையில் தொண்ணூறு நாள் தாண்டிய வழக்குகளை மாவட்ட நீதிபதி மாதமொருமுறை கேட்க வேண்டும். சாட்சிப் படி அன்றைக்கே, கூட வந்தவருக்கும் சேர்த்து, கையில் கிடைக்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய நீதிமன்றம் கட்டத் தேவையில்லை.

அத்தியூர்ப் பெண்ணுக்கு 1993 இல் அந்தத் துணையாக வந்தவர்கள் எந்தச் சம்பளமும் வாங்காத ஆசிரியர்களும் தோழர்களும். மாவட்டம் முழுவதற்கும் ஒரு பிரபா கல்விமணி போதாது. எல்லா ஊரிலும் ஒருவர் கிடைக்க மாட்டார் என்பதால்தானே அரசு என்ற ஒன்றை வைத்திருக்கிறோம். செஞ்சியில் விழுப்புரம் பேருந்து ஏறும் அந்தப் பெண்ணுக்கு இரண்டு பயணச்சீட்டு வேண்டும். இரண்டாவதை எடுத்துத் தருவது அரசின் கடமை.